வத்தல் மூட்டை பிரிக்காத நாள்

நாடகம் என்றால் சாப்பாட்டையே மறந்துவிடும் என் பிரியமான அப்பாவுக்கு,

உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். முதுகு வலிக்கிறது. இத்தனை வருஷம் இதில் எப்படித்தான் உட்கார்ந்திருந்தீர்களோ? மிளகாய் வத்தல் வியாபாரம் எனக்குப் பழகிவிட்டது, நாற்காலிதான் இன்னும் பழகவில்லை. "பொம்பளப்புள்ள மண்டியில உக்காந்தா யாரு சரக்கு கொண்டாருவா?" என்று கேட்டவர்கள்தான் இப்போது முதல் லோடை நம் வாசலில் இறக்குகிறார்கள். உங்களிடம் கொஞ்சம் பீற்றிக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. பீற்றியாயிற்று, விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள். காது மட்டும் முன்னைவிட மந்தம். காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தோம். அதை நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறாள்.

நம் கடைக்கு நேர் எதிரே இருக்கும் நாடகக் கொட்டகையைத் திறந்துவிட்டார்கள் அப்பா! ரிப்பேருக்காகச் சாரம் கட்டியிருந்த நாட்களில் தினமும் கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "முடிச்சிருவாங்களா விஜயா?" என்று கேட்பீர்களே. முடித்துவிட்டார்கள். நீங்கள்தான் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

பங்குனிப் பொங்கலுக்கு முதல் நாடகம் என்று நோட்டீஸ் வந்தது. அதற்கு முன்னால் ஒரு காலை நேரத்தில் அம்மாவும் நானும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். எதிர்க்கடையில் இருந்துகொண்டு இத்தனை வருஷமாக அந்தக் கட்டடத்தின் முகத்தை மட்டும் பார்த்துப் பழகிய எனக்கு, உள்ளே நுழைந்ததும் கண் கூசியது. தேக்குத் தூண்களைச் சுரண்டி எண்ணெய் பூசியிருக்கிறார்கள். கூரைக்குக் கீழே சுற்றிவர இருக்கும் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார்கள். வெயில் நேராகத் தரையில் விழுகிறது. நான் சின்னப் பிள்ளையாக அம்மா மடியில் தூங்கியபடி பார்த்த இருட்டுக் கொட்டகையா இது என்று இருந்தது.

மேடைப் பலகை ஒன்றைத் தூக்கிக் காட்டினார்கள். அடியில் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக மண்பானைகள். நடிப்பவர்களின் குரல் அதற்குள் இறங்கி, சுற்றி, கனத்து மேலே வருமாம். உடைந்து போனவற்றுக்குப் பதிலாகப் புதுப் பானைகள் செய்து வாங்கி, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, சத்தம் சேராததை ஒதுக்கிவிட்டுத்தான் வைத்தார்களாம். பழைய திரைகளையும் பிரித்துக் காட்டினார்கள். ராஜா நகர்வலம் வருகிற தெருவை வரையச் சொன்னால், வரைந்த மனிதர் நம் தெருவையே வரைந்து வைத்திருக்கிறார். மாட மாளிகைக்குக் கீழே தராசு தொங்குகிறது, தூணோரம் மூட்டை அடுக்கியிருக்கிறது. எந்த யுகத்து ராஜாவாக இருந்தாலும் விருதுநகருக்கு வந்தால் மண்டியைத் தாண்டித்தான் போக வேண்டும் போலிருக்கிறது.

எனக்கு இந்தக் கட்டடத்தின் மேல் இவ்வளவு மரியாதை வரக் காரணம், அதில் அரண்மனைப் பணம் ஒரு செங்கல்லுக்குக்கூட இல்லை என்பதுதான். மூட்டை விற்றால் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்து, வத்தல்காரரும் எண்ணெய்க்காரரும் பருப்புக்காரரும் சேர்ந்து கட்டினார்கள். பகலெல்லாம் விலை பேசித் தொண்டை கட்டிப்போனவர்கள், பொழுது சாய்ந்ததும் உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பு அவர்களுக்கு எப்படி வந்தது அப்பா? இன்றைக்கு நாங்கள் கூடினால் புது கோடவுன் கட்டலாமா என்றுதான் பேசுகிறோம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. கதாநாயகியாக வருகிற ஸ்திரீபார்ட், முதல் விருத்தத்தை மைக் இல்லாமல் பாட வேண்டும். மேலே பெண்கள் மாடியில் கடைசிப் பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாட்டின் சொல் தெளிவாகக் கேட்டுவிட்டால், முன்னால் இருக்கும் மரக்கட்டையை விரல் முட்டியால் தட்டுவார். தட்டல் கேட்ட பிறகுதான் கீழே ஆண்கள் கை தட்டலாம், மைக்கைப் போடலாம். தட்டல் வராவிட்டாலும் நாடகம் நடக்கும். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மதுரை ஏஜெண்டுகள் அந்தப் பெண்ணை அந்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆண்கள் கட்டிய கொட்டகையில் தீர்ப்புச் சொல்கிற இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள், அந்தப் பெரியவர்களை நான் எழுந்து நின்று கும்பிடுவேன். அதிலும் அந்தப் பெஞ்சு நம் வீட்டு மருமகளுக்கு என்று வழிவழியாக விட்டிருக்கிறார்கள். ஆகவே அம்மாவுக்கு.

இந்த வழக்கத்தோடு ஒட்டிப் பிறந்ததுதான் நம் தெருவின் கட்டுப்பாடு. நாடகம் உள்ள அன்று எந்தக் கடையிலும் வத்தல் மூட்டை பிரிக்கக் கூடாது. மிளகாய் நெடி போய்ப் பாடுகிறவர் தொண்டையைப் பிடித்துவிடும்.

நாடகத்தன்று காலையில் என்ன ஆயிற்று தெரியுமா? வழியில் கோடை மழையில் நனைந்த லோடு ஒன்று நம் வாசலில் வந்து நின்றது. அன்றே பிரித்துக் காயப் போடாவிட்டால் வத்தல் கறுத்துவிடும். உங்கள் காலத்திலிருந்து மூட்டை தூக்கும் சுடலை அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

"பாப்பா, ஈரம் எம்புட்டுன்னு பாக்க வேண்டாமா?"

எனக்கு ஐம்பதை நெருங்குகிறது, அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். காலையில்தானே, நாடகம் பொழுது சாய்ந்துதானே, அதற்குள் அடங்கிவிடும் என்று நினைத்து, "சரி, கொஞ்சம் மட்டும் பிரிங்க அண்ணாச்சி" என்றேன். பிரித்துக் கொட்டிப் பார்த்து, மறுபடி அள்ளிக் கட்டி லாரியிலேயே ஏற்றி வைத்து, வாசலையும் கூட்டிவிட்டார்கள். மதியம் பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டு நெடி இருக்கிறதா என்று கேட்டேன். எல்லோரும் மூக்கை விடைத்துக்கொண்டு தெருவில் முன்னும் பின்னும் நடந்தார்கள். "சுத்தமா இல்ல" என்று ஒரே குரலில் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

மூன்று மணிக்கு ஸ்திரீபார்ட் வந்து இறங்கினாள். பெயர் மாரீஸ்வரி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம், பட்டாசு கம்பெனியில் மருந்து செலுத்துகிற ரூமில் வேலை. லீவு போட்டுவிட்டுக் கோயில் கொடைத் திருவிழாக்களில் பாடிப் பெயர் எடுத்தவள். பெரிய கொட்டகை மேடை அவளுக்கு இதுதான் முதல் தடவை. ஆட்டோவை விட்டு இறங்கியவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள், அப்புறம் இருமல்! நம் கடை பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அது இன்னும் மோசமான இடம் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"அக்கா, இம்புட்டு நெடியில எப்படிக்கா இருக்கீக?"

"நெடியா? எங்கன?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல. உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை அப்பா.

அவள் சிரித்துவிட்டாள். "எங்க மருந்து ரூமுக்கு வந்தீகன்னா நீங்க இருமுவீக, நான் பாட்டுக்குப் பாடிக்கிட்டு இருப்பேன். பழகுன மூக்குக்கு என்னக்கா தெரியும்?" தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, "இன்னைக்கு மேல தட்டிட்டாகன்னா இந்த சீசன் பூரா நாடகம் கிடைக்கும்க்கா. இனி அந்த ரூமுக்குப் போகாதன்னு எம்மக அழுகுது" என்றாள்.

அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு நாடகத்தன்றும் நீங்கள் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், புதிதாக மாற்றலாகி வந்த யாராவது ஒருவரைப் பிடித்து வருவீர்கள். தெருக்கோடியிலிருந்து பேசிக்கொண்டே நடத்திக் கூட்டி வந்து காபி வாங்கிக் கொடுப்பீர்கள். ஊருக்குப் புதியவர்கள் மேல் இவருக்கு என்ன இவ்வளவு பாசம் என்று அம்மாவும் நானும் கேலி பண்ணியிருக்கிறோம். அடப் பாவி அப்பா! உங்களுக்கு வேண்டியிருந்தது அவர்களுடைய மூக்கு. பழகாத மூக்கு. அவர் தும்மினால் தெருவைக் கழுவச் சொல்வீர்கள், தும்மாவிட்டால் காபி. இதை ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

மாரீஸ்வரியைக் கொட்டகையின் பின்பக்கம் அனுப்பிவிட்டு வந்து, லோடை அப்படியே மல்லாங்கிணற்றுக்குத் திருப்பினேன். அங்கே நமக்கு வழக்கமாகச் சரக்குப் போடுகிறவர் களத்தில் விரித்துக் காயப் போடுவதாக ஏற்பாடு. லாரி டிரைவர் முணுமுணுத்தார். "இறக்குனா இங்கன, இல்லாட்டி அங்கன, ஒரு எடத்தச் சொல்லுங்கம்மா!" சுடலை அண்ணாச்சி அவரை ஒரு பார்வை பார்த்தார், வண்டி கிளம்பிவிட்டது. பிறகு தெருவே இறங்கியது. கடைக்குக் கடை தண்ணீர்க் குழாயை நீட்டினார்கள். சாக்கை நனைத்துச் சுவரைத் துடைத்தார்கள். போட்டிக் கடைக்காரர்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நம் வாசலைத் தேய்த்தார். அவர் நம்மோடு பேசியே எவ்வளவு காலமாயிற்று!

நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். புதிதாக வந்திருக்கும் வடநாட்டுக் கிளார்க் ஒருவர் டூட்டி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தார். காபி குடிக்கலாம் வாங்க என்று நான் கூப்பிட்டதும் மிரண்டுபோனார். தெருவில் பாதி தூரம் வந்தவர் நின்று, "மேடம், கொஞ்சம் இருக்கு" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். மறுபடி கழுவினோம். மறுபடி நடந்தார். இந்தத் தடவை கடைசிவரை வந்து, காபியை வாங்கிக் குடித்தார். தெருவே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இதற்கு நடுவில் கொட்டகை கமிட்டித் தம்பி ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். "அம்மாவுக்குக் காது சரியாக் கேக்காதே அக்கா. அந்தப் புள்ள பொழப்பு இருக்கு. இன்னைக்கு மட்டும் வேற ஆளை உக்கார வைப்போமா?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் போய்ச் சொன்னேன், அவள் காதில் விழும்படி சத்தமாகவே.

"எம் பெஞ்சுல எவ உக்காருவா?" என்று கேட்டுவிட்டுப் பட்டுச் சேலையை எடுத்தாள். மிஷினையாவது போட்டுக்கோ என்று கெஞ்சினேன். "மிஷின்ல கேட்டா அது மைக்ல கேட்டாப்புல" என்று சொல்லிவிட்டாள்.

கொட்டகை நிறைந்திருந்தது அப்பா. சிவகாசி பஸ்ஸிலும் கம்பெனி வேன்களிலும் பட்டாசுக்காரப் பெண்கள் கூட்டமாக வந்து மாடிப் படியெல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் ஊர்ப் பெண் அல்லவா! திரை ஏறியது. நம் தெரு வரைந்த அந்தத் திரைக்கு முன்னால் மாரீஸ்வரி வந்து நின்றாள். ஆர்மோனியம் ஒரு சுரத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியது. ஒரு தடவை தொண்டையைச் செருமினாள். எனக்கு உயிரே போய்விட்டது.

பாடினாள். அதை எப்படிச் சொல்ல? பெரிய குரல் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் முழுசாக, ஓரம் உடையாமல் மேலே வந்தது. அந்தப் பானைகள் வேலை செய்தன, தேக்கு வேலை செய்தது, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெரியவர்கள் எல்லோரும் அவளுக்காக வேலை செய்தார்கள். கம்பெனிக்காரப் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விருத்தம் முடிந்தது. சத்தமே இல்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடி, நல்ல காதை மேடைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். கை அசையவில்லை. கீழே ஏஜெண்டுகள் அண்ணாந்து பார்த்தார்கள். மாரீஸ்வரியும் பார்த்தாள். அம்மாவின் கையைப் பிடித்து நானே தட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

தட்டினாள் அப்பா. நிதானமாக, அழுத்தமாக, கட்டை அதிரத் தட்டினாள். அதற்குப் பிறகு எழும்பிய சத்தத்தில் ஜன்னல் புறாக்கள் எல்லாம் வெளியே பறந்தன. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் மாரீஸ்வரி போன் பண்ணினாள். சித்திரை, வைகாசி இரண்டு மாதத்துக்கும் நாள் கொடுத்துவிட்டார்களாம். "கம்பெனியில சொல்லிட்டேன்க்கா, இனி மருந்து ரூமுக்கு வரலன்னு." பின்னால் அவள் மகள் ஏதோ கத்திச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஆனால் உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை. நாடகம் முடிந்து அம்மாவைக் கைபிடித்து மாடிப்படி இறக்கும்போது மனசு கேட்காமல் அவள் காதருகில் கேட்டேன்.

"ஏம்மா, நெசமாவே கேட்டுச்சா? இல்ல, பாவம்னு தட்டுனியா?"

அம்மா படியில் நின்றுவிட்டாள். "கேக்காமத் தட்டுவேனா? கல்யாணமான புதுசுல, ஸ்திரீபார்ட் வரலன்னு உங்கப்பா வேசம் கட்டி இதே மேடையில பாடுனாக. நான் இதே பெஞ்சுல உக்காந்திருந்தேன். அன்னைக்கே தட்டலையே!"

"அப்பா பாடுனாகளா?"

"பாடுனாகளாம். எனக்கு எங்க கேட்டுச்சு?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "வீட்டுக்கு வந்து, நீ தட்டாதது சரிதான்னு சொன்னாக. அன்னைக்குத்தான் எனக்கு உங்கப்பாவை ரொம்பப் பிடிச்சுப் போச்சு" என்றாள். நீங்கள் போனதிலிருந்து அவள் உங்களைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

சேலை கட்டிக்கொண்டு மேடையில் நின்ற உங்களை எப்படியாவது ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருக்கிறது அப்பா. என்ன விருத்தம் பாடினீர்கள்? மாடியை அண்ணாந்து பார்த்தீர்களா? அம்மாவிடம் கேட்டேன், தெரியாதாம்.

அவள் நடக்கிற காலம் வரைக்கும் ஒவ்வொரு நாடகத்துக்கும் அந்தப் படியில் ஏற்றி அவளை உட்கார வைப்பேன். நடக்க முடியாத காலத்தில் சுடலை அண்ணாச்சியும் நானும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவோம். யாருக்காகவும் பொய்யாகத் தட்டச் சொல்ல மாட்டேன், உங்களுக்காகக்கூட.

இப்படிக்கு,
உங்கள் பாட்டு காதில் விழாத அம்மாவின்,
உங்கள் பாட்டைக் கேட்க ஆசைப்படும்
மூத்த மகள் விஜயா