வட்டம் வரைய ஒரு மூடி

மகளுக்கு,

சௌபாக்கியவதி என்று தொடங்கித்தான் உனக்கு எழுதிப் பழக்கம். இன்று அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

குரங்கணிக்கு மேலே மழை ஓயவில்லை. மாப்பிள்ளையைக் கொண்டுபோன காய்ச்சல் ஏலத்தோட்டங்களில் இன்னும் இருக்கிறதாம்.

சிலமலையில், மாப்பிள்ளை வீட்டில், உன்னைப் பின்கட்டு அறையை விட்டு வெளியே விடுவதில்லை என்று வண்டிக்காரர் பிச்சைமணி வந்து சொன்னார். பொழுது போக ஏதாவது படி, அம்மா. கதைப் புத்தகம்தான் அனுப்ப நினைத்தேன். உன் ஆத்தா விடவில்லை. "எந்தக் கதையத் தொறந்தாலும் ஒரு கல்யாணம் வருது. வேணாங்க" என்றாள்.

அதனால் உன் பழைய க்ஷேத்திர கணிதப் புத்தகத்தை அனுப்புகிறேன். அதில் கோடும் கோணமும் வட்டமும்தான். யாருக்கும் எதுவும் நேர்வதில்லை.

மணையில் உட்காரக் கூப்பிட்டபோது, "இந்த ஒண்ண மட்டும் முடிச்சிட்டு வர்றேம்ப்பா" என்றாயே, அந்தப் பக்கத்தில் நீ அடையாளத்துக்கு வைத்த நூலிழை அப்படியே இருக்கிறது. புதுக் கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்து நீ சுற்றிய வட்டம் பாதியில் நிற்கிறது. நான்தான் கையைப் பிடித்து எழுப்பினேன்.

புத்தகத்தோடு கவராயமும் வைத்துக் கட்டியிருந்தேன். உன் ஆத்தா கட்டை அவிழ்த்து, "இந்த ஊசிமுன இப்ப அவ கையில வேணாம்" என்று எடுத்துவிட்டாள்.

வட்டம் வரைய ஒரு தகர டப்பாவின் மூடியை வைத்திருக்கிறேன். விளிம்பைக் கல்லில் தேய்த்து, என் கையிலேயே இழுத்துப் பார்த்துவிட்டேன். கிழிக்காது.

உன்னைப் பாதி வட்டத்தில் எழுப்பிய
அப்பா