பாலத்தடியில் இல்லாத மீன்கள்

ஹேலர்ஸ் பே, மின்னசோட்டா
ஏப்ரல் 29

அன்புள்ள மகள் சோல்வேக்கு,

நானும் உன் அம்மாவும் பெரிய குறை எதுவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை டெரன்ஸும் அப்படியே இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் எழுத உட்கார்ந்தேன். நியூசிலாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், இங்கே இப்போதுதான் விட்டது. இருபத்து நான்காம் தேதி மாலை ஏரியின் பனிக்கட்டி முழுவதும் உடைந்து கரை ஒதுங்கிவிட்டது, போன வருஷத்தைவிட ஐந்து நாள் தாமதம். அம்மாவுக்குப் புது இடுப்பு மூட்டு பழகிவிட்டது, மாடிப்படி ஏற வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதை மட்டும் காதில் வாங்குவதில்லை, நான் சொன்னால் "ஒங்க வேலையப் பாருங்க" என்கிறாள், நீ தொலைபேசியில் பேசும்போது ஒரு வார்த்தை சொல். நீ கம்பளிக் காலுறை போடாமல் வீட்டுக்குள் திரிவதாக டெரன்ஸ் சொன்னதாகவும் அவள் சொன்னாள், ஆகவே நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். தொலைபேசியில் சொல்லியிருப்பேன், ஆனால் உன் குரலைக் கேட்டால் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவேன். ஸ்டர்ஜன் மீன் சங்கதிதான். நீ பள்ளி முடித்த வருஷம் ஒஜிப்வே பூர்வகுடி மக்களின் மீன் பண்ணையிலிருந்து முதல் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டபோது நீயும் ஒரு வாளி ஊற்றினாய். இந்த ஏரியில் அந்த மீன் அழிந்து நூறு வருஷம் ஆகியிருந்தது. பதினாறு வருஷமாக, ஒவ்வொரு செப்டம்பரிலும், தவறாமல் விட்டு வருகிறார்கள். தூண்டில்காரர்கள் அன்றைக்குச் சொன்னது உனக்குத் தெரியும். புழு விற்கும் டுவெய்ன் ஆஸ்ட்பி, "அது மீனாய்யா, தரை கூட்டுற இயந்திரம், நம்ம வாலாய் மீனோட முட்டைய ஒண்ணு மிச்சம் வைக்காது" என்று கடை வாசலில் நின்று கத்தினான். அதே டுவெய்ன் மூன்று வருஷத்துக்கு முன் வாலாய்க்குப் போட்ட தூண்டிலில் மூன்றடி நீள ஸ்டர்ஜனைப் பிடித்து, கொக்கியைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட்டு வந்து, "மீச வச்ச கெழவன் மாதிரி என்னையே பாத்துச்சுய்யா, மன்னிப்புக் கேட்டுட்டு விட்டேன்" என்றான். முட்டை தின்கிறது என்ற பேச்சு அதன்பின் கடையில் குறைந்துவிட்டது.

தவறிப் பிடிபட்டால் மீனை விட்டுவிட்டு ஒரு அட்டை எழுதி அனுப்ப வேண்டும் என்பது மீன்வள அலுவலகத்தின் ஏற்பாடு. தேதி, நீளம், குஞ்சை விடும்போதே செவுளோரத்தில் குத்திய முத்திரையின் எண், இடம், ஆழம், கையெழுத்து. வலை போட்டுத் தேட அவர்களுக்கு ஆள் போதாது, அட்டைதான் கண். அந்த நான்காவது கட்டத்தில்தான் எல்லாம் கெட்டது. இந்த ஊரில் ஒருவனிடம் அவனுடைய சம்பளத்தைக் கேட்கலாம், யாருக்கு ஓட்டுப் போட்டான் என்று கேட்கலாம், மீன் பிடித்த இடத்தைக் கேட்க முடியாது. ஆகவே எல்லோரும் "நெடுஞ்சாலைப் பாலம்" என்று எழுதினார்கள். படகு வைத்திருக்கும் எவனும் பாலத்தடிக்குப் போகமாட்டான், அதனால் அது யாருடைய இடத்தையும் காட்டிக்கொடுக்காது. ஒருவன் எழுதியது இன்னொருவனுக்குத் தெரியாது. நானும் எழுதினேன். முப்பத்தோரு வருஷம் மாவட்டப் பத்திரிகையில் வேலை பார்த்து, ஒருவர் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால்கூட மறு வாரம் திருத்தம் போட்டவன், மூன்று அட்டைகளில் பாலம் என்று எழுதினேன். நான்காவது அட்டை உன் பெயரில் போனது. இரண்டு வருஷத்துக்கு முன் ஜூலையில் நீ வந்திருந்தபோது பிடித்தாயே, நாலடி இரண்டு அங்குலம், முத்திரை 0417, அது. நீ கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு விமானத்துக்குப் போய்விட்டாய், மற்றதை நான் நிரப்பினேன், அதிலும் பாலம் என்றே.

போன வியாழக்கிழமை லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டார்கள். மீன் பண்ணையிலிருந்து ரெனே பெலாஞ்சர் வந்திருந்தாள், உன் வயதுதான் இருக்கும். ஏரியின் படத்தைச் சுவரில் மாட்டி அட்டைக்கு ஒன்றாகச் சிவப்பு ஊசி குத்தியிருந்தாள். ஐம்பத்திரண்டு அட்டை, அதில் நாற்பத்தேழு ஊசி பாலத்தடியில். குத்த இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. மீன்கள் கோடையில் அங்கேதான் கூடுகின்றன, ஆகவே மே முதல் ஆகஸ்ட் வரை பாலத்தடியில் தூண்டில் போடுவதைத் தடை செய்ய அலுவலகம் யோசிக்கிறது என்றாள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். நான் என் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலத்தில் யார் மீன் பிடிக்கிறார் என்று உனக்குத் தெரியும். உன்னைப் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கு ஏற்றிப்போன பேருந்து ஓட்டுநர் ஆரின் ஹௌக்டால். சர்க்கரை நோயால் இடது காலை எடுத்த பிறகு அவர் படகில் ஏறியதில்லை, ஏரிக்கரை முழுவதிலும் சக்கர நாற்காலி போகிற சரிவுப் பாதை அந்தப் பாலத்தில் மட்டும்தான் இருக்கிறது. மனைவி பெர்னிஸ் இறந்துபோனதிலிருந்து பனி உருகிய நாள் முதல் மறுபடி உறையும் நாள் வரை பகலெல்லாம் அங்கேதான், சாப்பாட்டு டப்பாவும் வானொலியுமாக. கூட்டத்துக்கு வந்திருந்த அவர் கையைத் தூக்கினார். எதிர்த்துப் பேசுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். "அம்மாடி, ஒம்போது வருஷமா அங்க ஒக்காந்திருக்கேன், ஒரு மீசையக்கூட நான் பாத்ததில்ல. ஆனா நாப்பத்தேழு பேரு எழுதியிருக்காங்க, எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்க, பொய்யா எழுதுவாங்க? என் கண்ணுதான் போச்சுபோல" என்றார். பிறகு, "எங்கப்பா காலத்துல வலையக் கிழிக்குதுன்னு அந்த மீன வெறகு மாதிரி அடுக்கிக் கொளுத்துனாங்களாம். இப்பத்தான் திரும்பி வந்திருக்கு. மூடிடுங்க. எந்திரிச்சு எடம் குடுன்னாத்தான் எனக்குக் கஷ்டம், உருட்டிக்கிட்டுப் போறதுக்கு என்ன" என்றார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள், சிரிப்பு உடனே நின்றுவிட்டது.

நான் எழுந்து படத்தருகே போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, என்ன சொன்னேன் என்பதை அம்மாதான் பிறகு சொன்னாள். "இதில் மூன்று என்னுடையது, மூன்றும் பொய்" என்றேனாம். மூன்று ஊசிகளைப் பிடுங்கி, ஆறு ஏரியில் கலக்கும் வாய்க்கு வடக்கே, நாம் தூண்டில் போடும் பத்தொன்பது அடி ஆழத்துக் கூழாங்கல் மேட்டில் குத்தினேன். "அடப்பாவி ஆர்விட்! அங்கயா? அதுக்கு நாப்பது கெஜம் தள்ளி இருபது வருஷமா ஒண்ணும் கெடைக்காம ஒக்காந்திருந்தேனே, கையாட்டிட்டு வேற போவியே!" என்று டுவெய்ன் கத்தினான். ஆனால் அடுத்து எழுந்தவனும் அவன்தான், அவனுடைய ஊசியும் அதே மேட்டின் கிழக்குச் சரிவுக்குப் போனது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் ரெனேயின் காதில் மட்டும் சொல்லி அவளையே குத்தச் சொன்னார்கள். கெர்மிட் ஸ்ட்ராண்ட் புகை பிடிக்க வெளியே போனவன் திரும்பி வரவில்லை. முடிவில் முப்பத்தொரு ஊசிகள் இடம் மாறி, ஆற்று வாயிலிருந்து நம் மேடு வரை ஒரு கோடு போல நின்றன. ரெனே அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "எங்க பாட்டன்மாரும் நமே அங்கதான் இருக்கும்னு சொல்லுவாங்க, நான்தான் அட்டைய நம்பினேன்" என்றாள். நமே என்றால் அவர்கள் மொழியில் ஸ்டர்ஜன். ஆரின் யாரையும் திட்டவில்லை. என்னைப் பார்த்து, "ஆக என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார், அவ்வளவுதான். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஆனால் ஊசியை நகர்த்தினால் மட்டும் அலுவலகம் ஏற்றுக்கொள்ளாதாம், ஒவ்வொரு அட்டைக்கும் கையெழுத்திட்ட திருத்தம் ஜூன் பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். நான் என் மூன்றையும் அனுப்பிவிட்டேன். உன்னுடையதை நான் தொடக்கூடாது. 0417 முதல் வருஷத்து மீன், அதுவரை யாரும் பிடித்ததில் பெரியது, அது பாலத்தடியில் என்று இருக்கும்வரை பாலத்தைத் திறந்து வைப்பது கடினம் என்கிறாள் ரெனே. உண்மை இடம் எழுதப்பட்டால் பாலம் தப்பும், நம் மேடுதான் கோடை முழுவதும் மூடப்படும். நீ பதினோரு வயதில் முதல் வாலாய் பிடித்த இடம். யாரிடமும் சொல்லாதே என்று நான் சொன்னதற்காக டெரன்ஸிடம்கூட நீ சொன்னதில்லை என்பது எனக்குத் தெரியும். உன்னைக் கேட்காமல் ஊர் நடுவே நான் சொல்லிவிட்டேன், அதற்காக வருந்துகிறேன், ஆனால் மறுபடியும் அதைத்தான் செய்வேன். ஜூலையில் நீங்கள் வரும்போது எங்கே தூண்டில் போடுவது என்று இப்போது தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலைக்காக உறக்கத்தைக் குறைக்காதே, டெரன்ஸின் அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் நலமாக வைத்திருக்கட்டும், உன் அம்மா ஞாயிறுதோறும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஜெபத்தை முடிக்கிறாள். ஒன்றை மறந்துவிடாதே: உறையில் புது அட்டை ஒன்று இருக்கிறது, கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினால் போதுமாம். தேதி, நீளம், முத்திரை எண் மூன்றையும் எழுதியிருக்கிறேன். இடத்துக்கும் ஆழத்துக்கும் உரிய கட்டங்களைத் தொடவில்லை. அன்று மீன் உன் தூண்டிலில்தான் இருந்தது, நீதான் எழுத வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா
ஆர்விட் ஹோக்லண்ட்