கலங்கிய பிறகு சொன்னது

இன்று காலை, மருத்துவமனையிலிருந்து மகள் கொண்டுவந்த பையைப் பிரித்தேன். உள்ளே உங்கள் கைலி. துவைக்காதது. தைலமும் மருந்தும் கலந்த வாடை. அதை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் அதிகம் படிக்காதவள். கிள்ளான் மதரஸாவில் நீங்கள் பெரியவர்களுக்கு நடத்திய ஹதீஸ் பாடத்தில் எனக்குத் தெரிந்தது, சாப்பிடும்போது நீங்கள் சொன்னவைதான். நபிகள் சொன்னது என்று ஒருவர் வந்து சொன்னால், அந்தக் காலத்து ஆலிம்கள் அந்த ஆளையும் விசாரிப்பார்களாம். யாரிடம் கேட்டார், அவரை நேரில் சந்தித்தாரா, பொய் பேசுவாரா, ஞாபகம் எப்படி. பெற்ற தகப்பனையே ‘பலவீனமானவர், அவர் சொன்னதை எடுக்காதீர்கள்’ என்று சொன்னவரும் உண்டு என்றீர்கள்.

வீட்டிலும் அதே விசாரணைதான். பாசாரில் மீன் வாங்கும்போது கேட்ட சேதியைச் சொன்னால், "யார்கிட்ட கேட்ட? அந்த ஆளு நேர்ல பார்த்தானா?" என்பீர்கள்.

"மீன் வெலைக்குமா லா?" என்பேன்.

"மீன்காரன் சொன்னா அதுக்குத்தான் முதல்ல சாட்சி வேணும்."

பிறகு ஒருநாள் பாடத்தில், ஒருவர் அறிவித்த ஹதீஸை இன்னொருவர் பெயரில் சொல்லிவிட்டீர்கள். அடுத்த வாரமும் அப்படியே. வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு, "இனிமே பாடம் இல்ல" என்றீர்கள். எவ்வளவு நல்ல மனிதரானாலும், வயதாகி ஞாபகம் கலங்கிய பிறகு அவர் சொன்னதை ஆலிம்கள் எடுக்க மாட்டார்களாம். முன்னால் சொன்னதைத்தான் எடுப்பார்களாம். "எனக்கும் அதேதான். நான் என்ன சொன்னாலும், எப்ப சொன்னேன்னு பாரு."

பார்த்தேன். வார்டில் என் கையைத் தட்டிவிட்டு, "யாரு இந்தப் பொம்பள? வெளிய போகச் சொல்லு" என்று நர்ஸிடம் கத்தினீர்கள். கலங்கிய பிறகு சொன்னது என்று தள்ளினேன். தள்ள முடிந்தது.

பிறகு ஒரு மத்தியானம், கஞ்சி ஊட்டும்போது என் முகத்தையே பார்த்தீர்கள். "உன்னைக் கட்டுனதுக்கு நான் குடுத்து வச்சிருக்கணும்." இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடச் சொல்லாத சொல். அடுத்த வாய் கஞ்சியை விழுங்கிவிட்டு, "அக்கா, நீங்க எந்த ஊரு?" என்றீர்கள்.

மகளிடம் மட்டும் சொன்னேன். "திட்டுனது நோயிம்மா. இதுதான் அத்தா மனசு" என்றாள். பிடித்ததை எடுத்துப் பிடிக்காததைத் தள்ளுகிறவர்களை எவ்வளவு ஏசியிருக்கிறீர்கள். நானே அதைச் செய்யவா?

நேற்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து உங்கள் தம்பி வந்தார். நீங்கள் இறந்த பிறகு நான் வெளி ஆண்கள் முன் வராமல் இத்தா இருப்பதால் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணி, அண்ணன் கடைசியா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"சொன்னாங்க தம்பி. ஞாபகம் கலங்குன பிறகு சொன்னது. வெளிய சொல்றதுக்கில்ல."

என்னை ஏதோ கேவலமாகப் பேசிவிட்டீர்கள் என்று நினைத்திருப்பார். "பொறுத்துக்குங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கஞ்சிக் கரண்டியோடு உட்கார்ந்து நான் கேட்ட அந்த ஒரு சொல் என்னிடமே இருக்கட்டும். அதை நம்பலாம் என்று சொல்ல நீங்கள் எனக்கு வழி வைக்கவில்லை. தூக்கி எறியவும் என்னால் முடியவில்லை.