முகத்துவாரத்துப் பாடு

கோட்டைக்குப்பம், பழவேற்காடு
பிரஜோற்பத்தி வருஷம், மாசி 6

தம்பி பூபதிக்கு அண்ணன் தேசப்பன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் இந்திராணியும் சுகமா என்பதை, துணி ஏற்றிப் போகும் தோணிக்கார முகைதீன் வந்து சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். எழுத்தாணி பிடிக்க நைனா எனக்கு மட்டுமா சொல்லிக்கொடுத்தார்? உன் கைக்கு என்ன கேடு?

உலாந்தாக்கார வெள்ளையர் தங்கள் கம்பெனியின் பெரிய கச்சேரியை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டதால் நம் ஊர் இருண்டுபோயிற்று என்று அங்கே பேசுகிறார்களாமே. பேசுகிறவனை இங்கே கூட்டிவா. கோட்டை நின்ற இடத்திலேயே நிற்கிறது, அகழியில் தண்ணீர் இருக்கிறது, நேரத்துக்கு மணி அடிக்கிறது. பெருமாள் கோயில் விதானத்தில் கட்டைவிரல் அளவில் ராமாயணம் செதுக்கியிருக்கிறதே, அதை அண்ணாந்து பார்க்க வெளியூர்க்காரர்கள் இன்னும் வந்து கழுத்து சுளுக்கிக்கொண்டு போகிறார்கள். உலாந்தாக்காரர் கல்லறைத் தோட்டத்து வாசலில் கல் எலும்புக்கூடுகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. சூசையம்மாள் மீன் கூடையை அவற்றின் காலடியில் இறக்கிவைத்து வெற்றிலை போடுகிறாள். "இன்னா பயம்? இதுங்க மீன் கேக்காது, கடனும் சொல்லாது"னு சொல்கிறாள். இந்த வருஷம் ஏரியில் இறங்கியிருக்கும் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்தால் நீ வாயை மூட மாட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் அம்மன் கோயிலில் பாடு எடுத்தோம். வருஷம் முழுக்க யார் எந்த நாள், ஏரியில் எந்த இடத்தில் வலை போடுவது என்று குடத்தில் ஓலை போட்டு எடுக்கும்போது, உன் பேரைக் கூப்பிட்டதும் நானே கை விட்டு எடுத்தேன். போன வருஷமும் நான்தான் எடுத்தேன். வெளியூரில் இருக்கிறவனுக்காக உடன்பிறந்தவன் இரண்டு தரம்தான் எடுக்கலாம், மூன்றாம் தரம் அவனே வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பேரை அடித்துவிட வேண்டும். பேர் ஓலை என் கையில்தான் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். அடுத்த தைக்குள் வந்துவிடு.

இப்படிக்கு, உன்மேல் கோபமும் அதைவிட ஆசையும் உள்ள அண்ணன்,
தேசப்பன்

*

நாகப்பட்டினம்
ஆங்கீரச வருஷம், வைகாசி 19

அண்ணனுக்குப் பூபதி வணக்கம். நாங்கள் சுகம். இந்திராணி உண்டாகியிருக்கிறாள். மூன்றாம் மாதம். அண்ணியிடம் சொல்.

இங்கே வேலைக்குக் குறைவில்லை. கப்பல் தூரத்தில் நிற்கும், நாங்கள் படகில் போய்ச் சரக்கை இறக்கி அலை தாண்டிக் கரை சேர்ப்போம். கரையில் பழைய கோபுரம் ஒன்று மூன்று நிலையாக நிற்கிறது. யார் கட்டினது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பெரிய ஊர்தான். ஆனால் ஏரி இல்லாத ஊர் அண்ணா. காலையில் எழுந்து பார்த்தால் ஒரே கடல், அதற்கு எதிர்க்கரை கிடையாது.

வா என்கிறாய். எப்படி வருவது? கல்யாணமாகி எனக்கென்று பேர் எழுதின முதல் வருஷமே, கண்ணப்பனுக்கு விழுந்த நாளில் முகத்துவாரத்தில் வலை போட்டுவிட்டேன். நாள் தப்பிப்போயிற்று என்று அன்றைக்கே சொன்னேன். பேர் ஓலை வைத்திருக்கிற என் அண்ணன், "தம்பியாவது, மண்ணாவது, நடுவுல வந்து நில்லு"னு அம்மன் கோயிலில் நூறு பேர் முன்னால் சொன்னான். அன்றைக்கு எனக்காக ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் கம்பெனிப் படகில் ஏறியிருக்க மாட்டேன்.

முகத்துவாரம் இந்த வருஷம் அடைத்துக்கொண்டதா, திறந்துதான் இருக்கிறதா என்று எழுது.

பூபதி

*

கோட்டைக்குப்பம்
ஆங்கீரச வருஷம், புரட்டாசி 11

தம்பிக்கு ஆசீர்வாதம். முகைதீன் தோணியில் பாய் விரித்துவிட்டார், மழைக் காற்று வருமுன் போய்ச் சேர வேண்டும் என்று கத்துகிறார். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகத்துவாரம் திறந்துதான் இருக்கிறது.

அன்றைக்கு உன்னை நிறுத்தினதற்கு நான் வருத்தப்படப் போவதில்லை. இரண்டு வருஷம் உன் பாட்டை நான் பார்த்தாயிற்று. இனி என்னால் முடியாது. உன் பாட்டை இனி நீயே பார்த்துக்கொள். தை மூன்று. மறக்காதே.

தேசப்பன்

*

நாகப்பட்டினம்
ஆங்கீரச வருஷம், கார்த்திகை 25

தேசப்பன் அவர்களுக்கு.

உங்கள் ஓலை வந்தபோது நான் கப்பலடியில் இருந்தேன். இந்திராணி கடைத்தெருவில் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்தபோது அவள் முகம் வீங்கியிருந்தது. "ரெண்டு வருசம் உன்ன சொமந்துட்டாராம். இனிமே உன் பாட்ட நீயே பாத்துக்கணுமாம். செஞ்சதுக்கு வருத்தம்கூட இல்லையாம்"னு அழுதாள். அந்த ஓலையை அடுப்பில் போட்டுவிட்டாள். நிறைமாதக்காரியை நான் என்ன சொல்ல?

சரி. என் பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். மாசி கடைசியில் கடல் தாண்டிச் சாவகத் தீவில் இருக்கும் வத்தாவிக்குக் கப்பல் போகிறது. அதில் பேர் கொடுத்துவிட்டேன். குழந்தை பிறந்து தேறினால் இருவரையும் கூட்டிக்கொண்டு போவேன். இனி அங்கிருந்து யாரும் என்னைச் சுமக்க வேண்டாம்.

பூபதி

*

கோட்டைக்குப்பம்
ஆங்கீரச வருஷம், தை 4

அடே மடையா,

அவர்கள் இவர்கள் என்று எழுதினால் நான் உனக்கு அண்ணன் இல்லாமல் போய்விடுவேனா? உன் ஓலை நேற்று முன்தினம் வந்தது. படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

இந்திராணி கோவளத்துக்காரி. கடலில் பிழைக்கிற ஊர். அங்கே முந்திப் போனவன் வலை போடுவான், அவர்களுக்கு முறை ஏது, நாள் ஏது? கல்யாணமாகி மூன்று மாதம்தான் நம் குப்பத்தில் இருந்தாள். பாடு என்றால் கஷ்டம் என்றுதான் அவளுக்கு அர்த்தம். கடைத்தெருவில் படித்தவனுக்கும் அதேதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உனக்கு என்ன வந்தது? பாடு என்று கேட்டதும் ஏரிக்காரனுக்கு ஏரி ஞாபகம் வர வேண்டாமா? தை மூன்று என்று எழுதியிருந்தேனே, அதை அவள் சொல்லவில்லையா? உன் பாடு, முகத்துவாரத்துப் பாடு, அதை நீயே வந்து எடு என்றுதானடா எழுதினேன். அவசரத்தில் நாலு வார்த்தை சேர்த்து எழுதாதது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன்.

நேற்று பாடு எடுத்தோம். நூற்றுப் பன்னிரண்டு பேர். இந்தச் சின்ன ஏரியில் இத்தனை பேர் அடிதடி இல்லாமல் பிழைக்கிறோம் என்று உலாந்தாக்காரரே கோட்டையிலிருந்து ஆள் அனுப்பி வேடிக்கை பார்த்தார்கள். ஒரு துப்பாக்கி இல்லை, சிப்பாய் இல்லை, ஒரு குடமும் ஓலையும்தான். எனக்கு எப்போதும் அதில் பெருமை. நேற்று மட்டும் அந்தக் குடத்தைப் போட்டு உடைக்கலாமா என்று இருந்தது.

உன் பேரைக் கூப்பிட்டேன். மூன்று தரம் கூப்பிட்டேன். எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். எழுத்தாணியை எடுத்துவிட்டேன் பூபதி. உன்னை நடுவில் நிற்க வைத்தவன் நான். உனக்காக முறையை மாற்றினால் அன்றைக்கு நிறுத்தினதற்கு என்ன அர்த்தம்? உன் பேரை அடிக்கத்தான் போனேன்.

அப்போது கண்ணப்பன் எழுந்தான். "நிறுத்துப்பா, எழுத்தாணிய கீழ வை. அவன் பேர அடிச்சிட்டா நாளிக்கு நான் யார வையறது? என் நாள்ல வல போட்டவன் ஊர்ல ஒருத்தன்தான் கீறான். நான் எடுக்கறேன் அவனுக்கு"னு சொன்னான். கூட்டம் சிரித்தது. உறவில்லாதவன் ஒருவன் வெளியூரில் இருக்கிறவனுக்காகக் கை விட்டு எடுத்தால் செல்லும் என்று முறை உண்டு. அப்படி யாரும் செய்து நான் இதுவரை பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண் நிறைந்துவிட்டது.

அவன் எடுத்தது சித்திரை மூன்றாம் நாள். இடம் முகத்துவாரம். புது வருஷத்து முதல் இறால் அங்கேதான் ஏறும். ஊரில் ஒவ்வொருவனும் வேண்டிக்கொண்டு கை விடுகிற நாள் அது. தனக்கு எடுத்தபோது அவனுக்கு வந்தது ஆனியில் ஏதோ ஒரு சேற்றுப் பக்கம்.

உறவில்லாதவன் எடுத்துக் கொடுத்த பாட்டில், யார் பேருக்கு எடுத்தானோ அவன் மட்டும்தான் வலை போடலாம். அதனால் சித்திரை மூன்று அன்றைக்கு முகத்துவாரத்தில் வேறு யாரும் இறங்க மாட்டோம். நீ வந்தாலும் சரி, வத்தாவிக்குப் போனாலும் சரி, அந்தத் தண்ணீர் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை உனக்காகச் சும்மா கிடக்கும். நாங்கள் கரையில் உட்கார்ந்து இறால் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

குழந்தை பிறந்ததா? ஒரு வரி எழுது.

அண்ணன்

*

நாகப்பட்டினம்
ஆங்கீரச வருஷம், மாசி 22

அண்ணா,

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். உன் ஓலையை இந்த முறை நானே இந்திராணிக்குப் படித்துக் காட்டினேன். முந்தின ஓலையை அடுப்பில் போட்டதற்காக அவள் உன் காலில் விழ வேண்டும் என்கிறாள். "ஒரு வார்த்தைக்கு இவ்ளோ பெரிய ஏரியா?"னு கேட்டாள். தை மூன்று என்று அந்த ஆள் படித்தானாம். ஏதோ நல்ல நாள் குறித்திருக்கிறீர்கள் என்று நினைத்து அவள் விட்டுவிட்டாளாம். அவள்மேல் பழி போட எனக்கு மனசில்லை. பாடு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் புரியாமலா போயிற்று? ஒரு நொடி புரிந்தது. கோபப்பட்டால் ஊருக்கு வர வேண்டியதில்லை என்று கோபத்தைப் பிடித்துக்கொண்டேன்.

கப்பலில் கொடுத்த பேரை அடிக்கச் சொன்னேன். உடனே அடித்துவிட்டு, பின்னால் நின்றவன் பேரை எழுதிக்கொண்டார்கள். யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பங்குனி பிறந்ததும் முகைதீன் தோணியில் மூன்று பேரும் புறப்படுகிறோம். அலை, காற்று எல்லாம் பார்த்துச் சித்திரைக்கு முன்னால் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இந்த ஓலையைத் தரை வழியாகப் போகும் ஆளிடம் கொடுக்கிறேன்.

இனி எழுதுவது கண்ணப்பனுக்கு.

கண்ணப்பா, அன்றைக்கு எனக்கு நாள் தப்பவில்லை. உன் நாள் என்று தெரியும். இறால் ஏறும் சத்தம் கேட்டது. புதுசாகக் கல்யாணம் ஆனவன், பெண்டாட்டியிடம் ஒரு கூடை கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று ஆசை. தெரிந்தேதான் வலை போட்டேன். கூட்டத்தில் பொய் சொன்னேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டான், அதனால்தான் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குத்தான் இத்தனை வருஷம் அவனைக் கோபித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணா, எங்களுக்கு முன்னால் இந்த ஓலை வந்து சேர்ந்தால் கண்ணப்பனிடம் படித்துக் காட்டிவிடாதே. மடித்து வை. நான் வந்து அம்மன் கோயில் நடுவில் நின்று, என் வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

உன் தம்பி,
பூபதி