மேட்டுத் தோட்டத்தில் முதல் நடை

மெடெயின்
2011 மார்ச் 6

அன்புள்ள ஓவிடியோ அண்ணனுக்கு,

நீயும் அம்மாவும் சுகம்தானே? எவேலியோவின் பஸ்ஸில் அனுப்பிய வெல்லக்கட்டி வந்து சேர்ந்தது. நான் கல்லூரியிலிருந்து வருவதற்குள் அறைத்தோழிகள் பாதியைத் தீர்த்துவிட்டார்கள். அடுத்த தடவை பூட்டுப் போட்டு அனுப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். பொறியியலில் முதல் வருஷம் எல்லாருக்கும் ஒரே பாடம். மே மாதத்துக்குள் பிரிவைச் சொல்ல வேண்டும். அரசாங்க ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வந்து எங்களோடு பேசினார்கள். படிக்க வைப்பது அவர்கள் பொறுப்பு, முடித்ததும் அங்கேயே வேலை. கெமிக்கல் எடுத்தால் வெடிமருந்து, எலக்ட்ரானிக்ஸ் எடுத்தால் கருவிகள். எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தருகிறார்கள். இரும்பே இல்லாத கண்ணிவெடியையும் கண்டுபிடிக்கிற கருவி ஒன்றை அங்கே தொடங்கியிருக்கிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து அம்மா போன் செய்தபோது ஆசீர்வாதம் கேட்டேன். போனை வைக்குமுன் கேட்காமலே கொடுப்பவள், இந்தத் தடவை கொடுக்கவில்லை. "கண்ணிவெடியில காலு போனது அவனுக்கு. அவன்கிட்ட கேளு. அவன் சரின்னா நானும் சரி" என்றாள். அதனால்தான் கேட்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது அண்ணா.

உன் தங்கை
யூரானி

கரிசால்
2011 மார்ச் 20

அடி யூரானி,

பூட்டு கிடைக்கவில்லை. உன் தோழிகளுக்கு அம்மாவின் திட்டை அனுப்புகிறேன், பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

சரி என்று எழுத மாட்டேன். விமானம் நம் மலையில் குண்டு போட்டபோது கட்டிலுக்கடியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாயே, மறந்துவிட்டாயா? அந்தக் குண்டெல்லாம் இந்த மாதிரி ஒரு தொழிற்சாலை வாசல் வழியாகத்தானே வந்தது? வெடிக்காமல் கிடந்ததைத் தோண்டி, உள்ளே இருந்த மருந்தை எடுத்துத்தான் கெரில்லாக்கள் கண்ணி வைத்தார்கள். என் காலைக் கொண்டுபோன மருந்து எங்கே காய்ச்சியதோ, யார் கண்டது?

உனக்குக் கணக்கு வருகிறது, சந்தோஷம். பாலம் கட்டப் படியேன். மழைக்காலத்தில் எவேலியோ பஸ்ஸோடு ஆற்றில் இறங்கும்போதெல்லாம் அம்மா சிலுவை போடுகிறாள். அதற்கு ஒரு வழி செய்தால் ஊரே உன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடும்.

மேட்டுத் தோட்டம் அப்படியே கிடக்கிறது. காபி பழுத்து உதிர்கிறது. கண்ணிவெடி இருக்கிறதென்று கட்டிய மஞ்சள் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதோடு சரி.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வாசலுக்குள் போனால், அவர்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இந்த வீட்டுப் படி ஏறாதே.

ஓவிடியோ

மெடெயின்
2011 ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது.

உனக்கு அடிபட்டதற்கு முதல் நாள் அந்தப் பாதையில் சிப்பாய்கள் கருவியை ஆட்டிக்கொண்டே நடந்தார்கள். "சுத்தமா இருக்கு, போய்ப் பறிங்க" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வெடி பிளாஸ்டிக் குழாயில் இருந்தது, மிதித்தால் அதை வெடிக்க வைக்கிற விசை, ஊசி போடுகிற சிரிஞ்ச். இரும்புக்கு மட்டும் கத்துகிற கருவி எப்படிக் கத்தும்? அவர்களை நம்பி நீ நடந்தாய். அந்தச் செவிட்டுக் கருவிக்குக் காது கொடுக்க வேண்டும் அண்ணா. பாலம் கட்ட ஆயிரம் பேர் வருவார்கள்.

என்னைக் குண்டுப் பக்கம் போடவே மாட்டார்கள் என்று உனக்குச் சத்தியம் செய்ய முடியாது. பொய் சொல்லி ஆசீர்வாதம் வாங்க எனக்கு இஷ்டமில்லை. எலக்ட்ரானிக்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

திட்டியாவது எழுது.

யூரானி

மெடெயின்
2018 செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ் தோறும் எழுதினேன், நீ பதில் போடவில்லை. அம்மா இங்கே வரும்போதெல்லாம் உன்னைப் பற்றித்தான் பேச்சு. இந்தக் கடிதத்தையாவது பிரித்துப் படி, இது உன் நிலத்தைப் பற்றியது.

மேட்டுத் தோட்டத்தில் இரண்டு மாதமாக நாங்கள் செய்த கருவியோடு வெடி எடுக்கிற வேலை நடந்தது உனக்கே தெரியும். எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்தாயிற்று. வரும் சனிக்கிழமை நிலத்தை ஒப்படைக்கிறோம். வழக்கப்படி, கருவி செய்தவர்களும் வெடி எடுத்தவர்களும் கைகோத்து முதலில் நடப்போம். எங்களுக்குப் பின்னால்தான் சொந்தக்காரர் கால் வைக்க வேண்டும். சொந்தக்காரன் நீ. வா.

இன்னொன்று. இந்தக் கருவி வேலை இதோடு முடிகிறது. வரும் ஜனவரியிலிருந்து குண்டுக்கு விசை செய்கிற பிரிவுக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள். அன்றைக்கு நீ பயந்தது நடந்துவிட்டது. போவதா விலகுவதா என்று தெரியாமல் தவிக்கிறேன். இதை மறைத்துவிட்டு உன் மண்ணில் நடக்க மனசு வரவில்லை.

யூரானி

கரிசால்
2018 செப்டம்பர் 12

அன்புள்ள யூரானிக்கு,

நான் வரவில்லை என்று அம்மா மடியில் அழுதாயாம். வந்திருந்தேன். எவேலியோவின் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றேன்.

எல்லாரும் பூட்ஸோடு நடக்க, நீ மட்டும் கழற்றி வீசிவிட்டு வெறுங்காலோடு நடந்தாய். எந்த முட்டாள் கழற்றச் சொன்னான்? அடிக்கு அடி எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "போதும், திரும்புடி!" என்று கத்த வாயெடுத்தேன். எவேலியோ தோளைப் பிடித்து, "சும்மா இருப்பா, அவ செஞ்ச கருவி, அவளுக்குத் தெரியாதா?" என்றான். நான் விழுந்த இடத்தில், அந்தக் கொய்யாமரத்தடியில், நீ நின்றாய். நின்றதோடு விட்டாயா? குதித்தாய். அடிப்பாவி, குதித்தாய்!

நேற்றுக் காலையில் தனியாக மேலே போனேன். கொய்யாமரத்தடியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன். பிறகு காபிச் செடிகளைப் பார்த்தேன். எல்லாம் காடாகிவிட்டன. முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால்தான் மறுபடி தளிர்க்கும், காய்க்க இரண்டு வருஷம் ஆகும். இன்றைக்கு அரிவாளைத் தீட்டி வைத்திருக்கிறேன்.

புதுப் பிரிவைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த வாசல் மேல் எனக்குள்ள கோபம் போகவில்லை, போகவும் போகாது. விலகிவிடு என்றுதான் எனக்கு வாய் வருகிறது. ஆனால் அன்றைக்கு நீ என் பேச்சைக் கேட்டிருந்தால் நான் இன்னும் நாடாவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருப்பேன். அதனால் இந்தத் தடவை நான் சொல்வதாக இல்லை. நீயே முடிவு செய்.

டிசம்பரில் வா. கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பன்றி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், உன் பழைய அறைத்தோழிகளையும் கூட்டி வா. அட்டையைக் கழற்றிவிட்டு வந்தாலும் சரி, கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாலும் சரி, படி ஏறு. அம்மா வாசலில் நின்றே ஆசீர்வாதம் தருவாளாம். இந்தத் தடவை அவள் என்னைக் கேட்கவில்லை.

உன் அண்ணன்
ஓவிடியோ