சில்காவை விட்ட இடம்

ஏப்ரல் 3

என் அண்ணன் டெல்ஃபினின் இடுப்பை முறித்தது காளை இல்லை. பண்ணை.

இதை யார் முன்னாலும் சொல்வேன். சேணத்தின் வயிற்றுவார் இற்றுப்போயிருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று அவன் கேட்டான். இந்தப் பருவம் தாங்கும் என்றார்கள். தாங்கவில்லை. சுருக்கில் விழுந்த காளை இழுத்த இழுப்பில் வார் அறுந்து, சேணத்தோடு பாறையில் போய் விழுந்தான். கட்டிவைத்திருந்த மாடுகளை முதலில் படகேற்றினார்கள். மறுநாள்தான் அவனைத் தேடி வந்தார்கள். மாடு செத்தால் நஷ்டம். ஆள் செத்தால் வேறு ஆள். எங்கள் புவெர்த்தோ நத்தாலெஸ் ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தான். விசாரிக்கிறார்களாம். அதுவரை ஊன்றுகோலோடு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறான்.

மீன் ஆலையில் எங்கள் வரிசை முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆள் எடுப்பது அதே பண்ணை ஒன்றுதான். மலையில் தானாகப் பெருகி, மனித வாடையே படாமல் திரியும் மாடுகளைப் பிடித்து இறக்கும் வேலை. போகலாமா? போவேன். எழுதும்போதே கூசுகிறது.

ஏப்ரல் 5

அங்கே ஆளை எடுப்பதில்லை, நாயை எடுக்கிறார்கள். நாய் இல்லாதவன் கடற்கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம். என்னிடம் இருப்பது ஒரு குதிரை. நாய்கள் டெல்ஃபினுடையவை.

கேட்டுவிட்டேன்.

"அண்ணே, நாய்ங்க சும்மாத்தானே கெடக்குதுங்க."

"நானுந்தான் சும்மா கெடக்கேன். என்னையும் கூட்டிட்டுப் போ."

அண்ணி எதிதா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "ரெண்டு பேரும் போங்க. நாய் மயிர் கூட்டுற வேலயும் மிச்சம், புலம்பல் கேக்குற வேலயும் மிச்சம்."

டெல்ஃபின் சிரிக்கவில்லை. மாத்தே இலைத்தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றி என்னிடம் நீட்டினான். "பாலோவும் துயெர்த்தோவும் சின்னதுங்க. பசிச்சா உன்னத் தேடி வந்துரும். சில்கா அப்படியில்ல. காளைய ஒரு மூலைல மடக்கி நிறுத்திட்டான்னா, நீ கிட்டப் போயி அவ பிடரில கை வெக்கிற வரைக்கும் விடமாட்டா. கூப்புட்டாலும் வரமாட்டா, விசிலடிச்சாலும் வரமாட்டா."

"ஏண்ணே அப்படிப் பழக்குன?"

"பாதியில விட்டுட்டு ஓடியாற நாய வெச்சு மலைல என்னடா பண்றது? கை வெக்காம நீ எடத்த விட்டு அசையக் கூடாது. அவ இருந்தாத்தான் அடுத்த வருஷம் என்ன எவனாவது வேலைக்குக் கூப்புடுவான். இந்த இடுப்ப நம்பி எவன் கூப்புடுவான்?"

சரி என்றேன். வாயால் சொல்வதற்கு என்ன?

ஏப்ரல் 9

வேலை கிடைத்தது.

கங்காணி ஓயார்சோ தீவனக் கடை வாசலில் நின்று ஆள் எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து சில்காவின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். விலா எலும்பைத் தடவினார்.

"யாருது?"

"என்னோடது."

பெயர் எழுதும்போது பேனா நின்றது. "கார்கமோவா? நம்ம மேல புகார் குடுத்தானே ஒரு நொண்டி. அவனுக்கு நீ என்ன வேணும்?"

"தூரத்துச் சொந்தம்."

எவ்வளவு சுலபமாக வந்தது! யோசிக்கக்கூட இல்லை. சில்கா என் காலடியில் வாலாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னப் பத்திக் கேட்டானா?" என்றான் டெல்ஃபின், வந்ததும் வராததுமாக.

"இல்லண்ணே."

ஏப்ரல் 14

பண்ணையின் தட்டைப்படகு எங்களைக் கடற்கால்வாயின் கடைக்கோடியில் இறக்கிவிட்டது. மழை. கூடாரத்துக்குள்ளும் மழை. ஓயார்சோவுக்குத் தகரக் கூரை.

மீன் ஆலையில் என்னோடு இருந்த ரோசமெல் இங்கேயும் இருக்கிறான். என் வயதுதான். தன் குதிரைக்கு மாமியார் பெயரை வைத்திருக்கிறான். "உதைச்சா மனசுக்கு வருத்தமா இருக்காதுடா, எதிர்பார்த்ததுதானே" என்கிறான்.

நாய்கள் முன்னால் போய் மாட்டை மோப்பம் பிடித்து மடக்கும். குரைப்பு வரும் திசையில் புதருக்குள் குதிரையை விட்டு, சுருக்கு வீசி, மாட்டைச் சைப்ரஸ் மரத்தோடு கட்டுவோம். கொம்பு நுனியை அறுப்போம். பிறகு அப்படியே விட்டுவிடுவோம், தீனி இல்லாமல், திமிர் இறங்கும்வரை. இறங்கியதும் பழகிய எருது ஒன்றோடு பிணைத்தால் கடற்கரைவரை தானாக நடந்து வரும்.

மீன் ஆலையில் என்னையும் இப்படித்தான் பழக்கினார்கள்.

ஏப்ரல் 20

சில்கா இன்று ஒரு பசுவையும் கன்றையும் தனியாக மடக்கினாள். பிடரியில் கை வைத்தேன். உடனே குரைப்பை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டை நக்கினாள். அண்ணனின் நாய் என்பது கொஞ்ச நேரம் மறந்தே போனது.

ஏப்ரல் 26

மாட்டிக்கொண்டேன்.

மதியம் வானொலியில் காட்டிலிருப்பவர்களுக்கான செய்தி. வழக்கம்போல எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓயார்சோவின் தகரக் கூரைக்குக் கீழே கூடினோம். யாருக்கோ பெண் குழந்தை. யாரோ ஒருவருக்குக் கண் மருந்து படகில் வருகிறது. பிறகு: "எவரிஸ்தோ கார்கமோவுக்கு. உன் அண்ணன் டெல்ஃபின் அனுப்புவது. சில்கா சரியாகச் சாப்பிடுகிறாளா? அவள் பாதத்தில் கொழுப்புத் தடவ மறக்காதே. எதிதா உனக்குக் காலுறை பின்னியிருக்கிறாள்."

வழக்கப்படி இரண்டு முறை படித்தார்கள்.

ரோசமெல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓயார்சோ ரொட்டியை மென்று முழுங்கிவிட்டுச் சொன்னார்: "தூரத்துச் சொந்தம் காலுறை எல்லாம் பின்னுது. நீ குடுத்துவெச்சவன்தான், தம்பி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டெல்ஃபின்மேல் கோபம் வந்தது. என் பாதம் குளிரும் என்று யோசித்ததற்காக ஒருவன்மேல் கோபப்பட முடியும் என்று இன்றுதான் தெரிந்தது.

ஏப்ரல் 27

ஓயார்சோ தனியாகக் கூப்பிட்டார். "உன்ன அனுப்பிரலாம். ஆனா நல்லா வேல செய்யுற. நீ உங்க அண்ணன் மாதிரியா, இல்ல எங்க ஆளான்னு பாக்குறேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். "பாருங்கய்யா" என்றேன்.

மே 4

படகில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று கடைசி நாள். காலையில் சில்கா ஒரு செங்காளையைத் துரத்திக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கினாள். இடுக்கில், பாறைக்கும் ஓடைக்கும் நடுவில் மடக்கிவிட்டாள். மேலே நின்று பார்த்தேன். காளை கொம்பை ஆட்டுகிறது, அவள் விலகுகிறாள், மறுபடி வந்து மறிக்கிறாள். கீழே இறங்க குதிரைக்கு வழி இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் போகவேண்டும்.

குளிர்காலத்தின் முதல் பனி விழ ஆரம்பித்தது. ஓயார்சோ வந்தார். "விட்டுட்டு வா. காத்து திரும்புது, படகு கெளம்பணும்."

"நாய் கீழ இருக்குய்யா."

"பசிச்சா வரும்."

"இது வராது. கை வெச்சாத்தான்—"

"உங்க அண்ணன் பழக்கமா? அவன் பழக்கத்துக்கெல்லாம் படகு காத்திருக்காது. இப்ப வர்றவனுக்குக் குளிர்காலம் பூரா வேல இருக்கு. வராதவனுக்கு இல்ல."

அவர் போய்விட்டார். ரோசமெல் என் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான். "டேய், எறங்கிப் போடா. மாடு ஏத்துறதுக்கே எப்படியும் நேரமாகும். நான் ஏதாச்சும் ஒரு காளைய அவுத்துவிட்டு ரகள பண்றேன். படகு நகராது. போ!"

போயிருக்கலாம். நேரம் இருந்தது. அதுதான் விஷயம், நேரம் இருந்தது. மாடுகளை ஏற்றி முடிப்பதற்குள் நான் போய்த் திரும்பியிருப்பேன். கரையில் சும்மா உட்கார்ந்திருந்தேனே, அத்தனை நேரமும்! காளைக்குப் பயந்தேனா? கொஞ்சம். அதைவிட, ஓயார்சோ திரும்பிப் பார்க்கும்போது நான் அங்கே இல்லாமல் போய்விடுவேனோ என்று பயந்தேன்.

குதிரையைத் திருப்பினேன்.

அவள் குரைப்பு கரைவரை கேட்டது. படகு நகர்ந்த பிறகும் கேட்டது. அவள் வேலையை முடித்துவிட்டாள். என்னைக் கூப்பிடுகிறாள்.

மே 5

பண்ணைக்காரர்கள் டெல்ஃபினை விட்டுவிட்டு மாடேற்றினார்கள் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கொட்டை எழுத்தில்.

மே 6

வீடு. பாலோவும் துயெர்த்தோவும் ஓடிப்போய் அவன்மேல் விழுந்தன. அவன் என் குதிரைக்குப் பின்னால் பார்த்தான். தெருமுனைவரை பார்த்தான்.

"காளை குத்திருச்சுண்ணே" என்றேன்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "எங்க ஏறிச்சு கொம்பு?"

"வயித்துல."

"உடனேயா?"

"உடனே."

"கை வெச்சியா?"

"வெச்சேன்."

அவன் முகம் தளர்ந்தது. "அப்ப சரி. வேலை முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுதான் போயிருக்கா." என் தோளைத் தொட்டு, "நீ அழாத" என்றான். நான் அழவில்லை. அழுவதுபோல் இருந்திருக்கும்.

எதிதா ஆட்டுக்கறிக் குழம்பில் பெரிய துண்டை என் தட்டில் போட்டாள். சாப்பிட்டேன். முழுவதையும் சாப்பிட்டேன்.

மே 10

வருகிறவர்களிடமெல்லாம் டெல்ஃபின் சொல்கிறான், சில்கா எப்படிச் செத்தாள் என்று. நான் சொன்னது ஒரு வரிதான். அவன் கதையில் இப்போது காளைக்கு ஒரு கண் போயிருக்கிறது, சில்கா காதைக் கவ்வியபடியே சாய்கிறாள், நான் ஓடைத் தண்ணீரில் மண்டியிட்டு அவள் தலையை மடியில் வைத்திருக்கிறேன். "எங்க தம்பி கடைசிவரைக்கும் கூட இருந்தான்" என்று முடிக்கிறான்.

கேட்டவர்கள் என் தோளைத் தட்டுகிறார்கள்.

மே 13

ரொட்டிக் கடையில் ரோசமெல்.

"வீட்ல சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

ரொட்டிக்குச் சில்லறை எண்ணினேன்.

"நெனச்சேன்." ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "நீ ஆலைக் கூட்டத்துல எழுந்து முதலாளிங்கள கிழிக்கும்போது கை தட்டுனவன்டா நானு." இரண்டடி போய்த் திரும்பினான். "ஆத்து முகத்துல காவல் இருக்காரே மன்சீயா, அவரு படகுக்காரங்ககிட்ட சொன்னாராம். நாம வந்ததுக்கப்புறமும் நாய் கத்திச்சாம். பல நாள்."

பல நாள்.

மே 14

வேலி வேலைக்கு ஓயார்சோ கூப்பிட்டிருக்கிறார் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எதிதா அந்தக் காலுறையைப் போட்டுக்கொண்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டாள். அவளை விட்ட பள்ளத்தாக்குக்கு ஏரியைச் சுற்றிக் குதிரைப் பாதை. பனி வழியெல்லாம்.

நான் எதற்குப் போகிறேன்? அவளுக்காகவா? உயிரோடு கொண்டுவந்துவிட்டால் நான் சொன்ன பொய்க்கு மன்னிப்பு கிடைக்கும் என்பதற்காகவா?

மே 20

இடுக்கில் இறங்கினேன். ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை. அதுவும் இப்போது தெரிந்துவிட்டது.

பாறையின் கீழ் பனி ஒட்டாத இடத்தில் காளையின் குளம்பு மண்ணைக் குதறியிருக்கிறது. அதைச் சுற்றி அரைவட்டமாக நாயின் தடம், போய்ப் போய் வந்து ஒரு பாதையே ஆகியிருக்கிறது. காளை ஓடைப் பக்கம் உடைத்துக்கொண்டு போயிருக்கிறது. எதிர்ப்புறம் ஒரு வேர் அடியில் அவள் படுத்த குழி. குழி மேட்டைப் பார்த்தபடி இருக்கிறது, நான் நின்ற மேட்டை.

எலும்பு இல்லை. ரத்தம் இல்லை. எங்கே போனாய்? கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். சில்கா, நான்தாண்டி, வந்துட்டேண்டி—

மே 22

மன்சீயாவின் குடிசை. தனியாக இருக்கும் மனிதர். ஆள் வந்தாலே சந்தோஷம். பொரித்த ரொட்டி போட்டார். நான் யாரென்று சொல்லவில்லை. தொலைந்த குதிரையைத் தேடுகிறேன் என்றேன்.

"குதிரை தெரியாது. நாய் ஒண்ணு வந்துச்சு" என்றார். "எலும்பும் தோலுமா. கறி போட்டேன், தின்னுச்சு. கிட்டப் போனா ஓடிப்போவுது. ரெண்டு நாள் கரையில நின்னு தண்ணியவே பாத்துச்சு, அப்புறம் காணல. எவனோ பாவி அப்படியே விட்டுட்டுப் போயிருக்கான். அவன் கையில கெடச்சான்னா—" ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "நீ சாப்புடு, தம்பி."

நாளை கரையோரமாகத் தேடவேண்டும்.

மே 23

கரையோரம் போகவில்லை.

மதியச் செய்தி. மன்சீயா சத்தத்தைக் கூட்டினார். "எவரிஸ்தோ கார்கமோவுக்கு, எங்கிருந்தாலும். உன் அண்ணன் டெல்ஃபின் அனுப்புவது. ரோசமெல் வந்து சொல்லிவிட்டான், இடத்தை நீயே சொல்ல வேண்டுமாம். நான் குதிரைக்குச் சேணம் போட்டுவிட்டேன். நாயை எந்த இடத்தில் விட்டாய்? அதை மட்டும் சொல்."

இரண்டாவது முறை படிக்கும்போது மன்சீயா எதிதா பின்னிய காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தச் செய்தியையும் கேட்டிருப்பார். பிறகு முகத்தை.

பத்தகோனியா முழுக்கக் கேட்டிருக்கும்.

அவரிடம் பண்ணையின் பேசும் ரேடியோ இருக்கிறது. ஊருக்குச் சொல்லலாம். சொன்னால் அந்த இடுப்போடு பனியில் வருவான், வழியில் விழுவான். அதற்காகத்தான் சொல்லவில்லை என்று எழுதினால் அது அடுத்த பொய்.

மே 24

காலையில் மன்சீயா பேசும் ரேடியோவை மேசையில் என் பக்கமாக நகர்த்தி வைத்தார். கோடரியை எடுத்துக்கொண்டு விறகு வெட்டப் போனார்.

மதியம் மறுபடியும் படித்தார்கள். இந்த முறை மற்றதெல்லாம் இல்லை.

"எவரிஸ்தோ. எந்த இடம்? சொல்."