கல்லறையில் உன் பெயரை எழுதியவன்

என் அன்பு அம்மாவுக்கு,

நீ இதைப் படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். செத்தவர்கள் நாம் பேசுவதைக் கேட்கிறார்கள் என்று நான் எப்போதும் நம்பியதில்லை. ஆனாலும் அண்ணனைப் பற்றிப் பேச எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அவனுக்கு டிமென்ஷியா. ஐம்பத்து மூன்று வயதில். பி.யு. கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். ஜோகுபாளையத்து வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு கூட்டிவந்துவிட்டேன். மருந்து இதை நிறுத்தாது, பழகின வேலைகளை விடாமல் செய்யவையுங்கள் என்றார் டாக்டர்.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்து, எழுத்துகளுக்குக் கறுப்பு பெயின்ட் தீட்டுவது எப்போதும் அவன் வேலைதானே. அப்பாவுக்காக ஆரம்பித்தான், பிறகு அதே கல்லறையில் உன் பெயரும் சேர்ந்தது. இந்த வருஷமும் பிரஷ்ஷை அவன் கையில் கொடுத்தேன்.

"நீ தொடாதே ஸ்டெல்லா. உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்" என்றான். பழைய குரல். சிரித்துவிட்டேன்.

கை நடுங்கவேயில்லை. பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வந்த பிலோ ஆன்ட்டி நின்று பார்த்தார். "பரவால்லியே அருளு, பிரின்ட் போட்ட மாதிரி இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கும் எழுதிக் குடேன்."

"அவரு பேரு ரொம்ப நீளம் ஆன்ட்டி."

அப்பாவின் பெயரை முடித்தான். உன் பெயரையும் முடித்தான். எழுந்து, தள்ளி நின்று படித்தான்.

"இது அம்மா பேரு."

நான் பெயின்ட் டப்பாவை மூடினேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அம்மா எப்போ செத்தாங்க? எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

உன் பெட்டியைத் தூக்கியவன் அவன். அதைச் சொன்னேன். பொய் சொல்லாதே என்றான். அத்தனை பேருக்கு நடுவில் மண்ணில் உட்கார்ந்து அழுதான்.

ஆட்டோ அல்சூரைத் தாண்டுவதற்குள் கல்லறையை மறந்துவிட்டான். அழுகை மட்டும் நிற்கவில்லை. "நான் ஏன் அழுவுறேன் ஸ்டெல்லா?" என்று கேட்டான். என்ன சொல்வேன், அம்மா? உண்மையைச் சொன்னால் நீ அவனுக்கு மறுபடியும் சாக வேண்டும். "கண்ணுல தூசி பட்டிருக்கும்ணா" என்றேன். நான் படித்த படிப்புக்கு அவ்வளவுதான் வந்தது.

இப்போது தினமும் உன்னைக் கேட்கிறான். சிவாஜிநகருக்குக் கறி வாங்கப் போயிருக்காங்க என்கிறேன். "இந்த வெயில்ல ஏன் தனியா அனுப்பின?" என்று திட்டுகிறான். வாசலுக்குப் போய்ப் போய்ப் பார்க்கிறான். ஒருநாள் உன்னைக் கேட்பதையே விட்டுவிடுவான். அந்த நாள் சீக்கிரம் வரட்டும் என்று நினைக்கிறேனா, வரக்கூடாது என்றா? எனக்கே தெரியவில்லை.

அடுத்த திருநாளுக்கு முன்னால் நான் தனியாக வந்து உன் பெயர்மீது சுண்ணாம்பு அடித்துவிடுவேன். பார்க்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அவன் வந்து அப்பாவுக்கு மட்டும் பூ வைக்கட்டும். அவன் இருக்கும்வரை நீ கறி வாங்கத்தான் போயிருக்கிறாய். இது சத்தியம்.

உன் மகள், அருளின் தங்கை
ஸ்டெல்லா